சுத்தக் கிரயமா, குத்தகையா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கணினியையும் கைபேசியையும் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்தி வருகிற ஒரு நுகர்வோன் என்ற முறையில்தான் இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன். நான் பொறியாளனும் அல்லன், வழக்கறிஞனும் அல்லன். இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பல, வாங்கிய பொருள் யாருடையது என்ற ஒரே இடத்தைச் சுற்றி வருவதால் அவற்றை ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன்.

கேள்வி: சில ஆண்டுகளாக மின்னூல்கள் வாங்கி வருகிறேன். அறுபதுக்கும் மேல் சேர்ந்துவிட்டன. அவற்றை வெளியூரில் இருக்கும் என் மகளுக்குக் கொடுக்க வழி தேடினால், முடியாது என்கிறது கடை. காசு கொடுத்து வாங்கியதை மகளுக்குக் கொடுக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

பதில்: வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள், அம்மா. ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று எழுதியிருக்கும். விற்றவருக்கு இனி அந்த நிலத்தில் எந்தப் பாத்தியதையும் கிடையாது, வாங்கியவர் அதை வைத்துக்கொள்ளலாம், தானம் செய்யலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம் என்பதை நம் பத்திர எழுத்தர்கள் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார்கள். அச்சு நூலை வாங்கும்போது அந்தப் பிரதியின் மீது நமக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய இதே உரிமைதான். மின்னூல் கடையில் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தும்போதோ, கடைக்காரர் அனுமதிக்கும்வரை படித்துக்கொள்ளலாம் என்கிற உரிமம் மட்டுமே கைக்கு வருகிறது. குத்தகையில்கூட இத்தனை வருடம் என்று காலக்கெடு எழுதுவார்கள். இதில் அதுவும் இல்லை.

இது வெறும் சொல் பற்றிய வழக்கு இல்லை என்பதை உலகம் 2009 ஜூலையில் பார்த்தது. அமேசான் கடையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நாவல்களை, பதிப்புரிமை இல்லாத ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்தார். அது தெரிந்ததும் அமேசான், வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அந்த நூல்களைத் தொலைவிலிருந்து அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. ‘1984’ஐப் பாடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பள்ளி மாணவர் அதற்கு எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போயின, அவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். திருட்டுப் பதிப்பை விற்றவர் மீது நடவடிக்கை எடுப்பது முற்றிலும் நியாயம். ஆனால் வாங்கியவரின் வீட்டு அலமாரிக்குள் கை விடும் வசதியைக் கடைக்காரர் கடைசிவரை தம்மிடமே வைத்திருந்தார் என்பதும், அப்படி ஒரு வசதி இருப்பதே வாங்கியவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது என்பதும் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயங்கள்.

2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அதுவரை விற்ற நூல்கள் எல்லாமே திறக்காமல் போயின. பணம் திரும்ப வந்தது. நூல்களில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் தந்தார்கள். ஒருவர் ஓரங்களில் எழுதி வைத்த சிந்தனைக்கு 25 டாலர் என்று யார் விலை வைத்தார்கள்? 2025 பிப்ரவரி 26 முதல் அமேசானும், வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை நிறுத்திவிட்டது. ஆக, நூலின் நகலை நம் கையில் பாதுகாத்து வைக்கும் வழியும் குறுகிக்கொண்டே வருகிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் மட்டுமே தரும் மின்பொருள் கடை, அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. இங்கும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, ஒரே குடும்பக் கணக்கில் சேர்ந்தால் பகிர்ந்துகொள்ள விடும் கடைகள் சில உண்டு. உங்கள் கடை அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். இனி வாங்கும் நூல்களைப் பூட்டு இல்லாத ஈபப் என்ற பொது மின்னூல் வடிவில் தரும் பதிப்பகங்களிடம் வாங்குங்கள். பழந்தமிழ் நூல்களுக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. இன்றைய எழுத்தாளர்கள் மனமுவந்து பொதுவில் விட்ட நூல்களுக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் இருக்கிறது. இரண்டிலும் இறக்கிய கோப்பை மகளுக்குத் தாராளமாக அனுப்பலாம்.

கேள்வி: கைபேசியின் திரை உடைந்ததால் எங்கள் ஊர்க் கடையில் மாற்றினேன். அன்று முதல், ‘அறியப்படாத பாகம்’ என்ற எச்சரிக்கை வருகிறது. இப்போது சார்ஜ் ஏறவில்லை என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால், வெளியில் திறந்துவிட்டதால் வாரண்டி செல்லாது என்கிறார்கள். இது சட்டப்படி சரியா? – தனியார் நிறுவன ஊழியர், சேலம்

பதில்: அந்த எச்சரிக்கை எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்கிறேன். சென்ற மாதம் சென்னை ரிச்சி தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு சிறிய கடையில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். பழுது பார்ப்பவர் கைபேசியைச் சூடேற்றும் தட்டின் மீது வைத்து, ஓரத்துப் பசை இளகும்வரை விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு நகம் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, உள்ளே இருக்கும் ரிப்பன் வயர் அறுந்துவிடாமல் திரையைப் பிரித்தெடுத்தார். புதிய திரை தயாராக இருந்தும் அதை உடனே பொருத்தவில்லை. பழைய திரையின் பின்புறம் இருந்த, அரிசியை விடச் சற்றே பெரிய ஐசி சில்லு ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் சூடாக்கி எடுத்து, புதிய திரையில் பற்றவைத்தார். ஏன் என்று கேட்டேன். “அது பழைய ஐசியைத்தான் சார் தேடும். புதுசு வெச்சா ஒத்துக்காது” என்றார். திரை நல்ல திரைதான், தொடுதலும் சரியாக வேலை செய்யும். ஆனாலும் திரையில் இருக்கும் தொடர் எண்ணும் தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் கைபேசி குற்றம் சொல்லும். அந்த இரண்டு எண்களையும் இணைத்து வைக்கும் மென்பொருள் தயாரிப்பாளர் கையில் மட்டுமே இருக்கிறது. இருபது வருடக் கைத்திறன் உள்ள ஒரு மனிதர் கண்ணை வருத்தி அந்தச் சில்லை மாற்றுவதற்குக் காரணம் இந்தப் பூட்டு ஒன்றுதான்.

இதற்கு எதிராக உலகில் சட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம், பாகங்களை இப்படி எண்ணால் பிணைத்து மாற்றுப் பாகங்களைத் தடுப்பதை 2024இல் இயற்றிய சட்டத்தால் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும். பேட்டரி என்றதும் 2017 டிசம்பர் நினைவுக்கு வருகிறது. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் அப்போதுதான் ஒப்புக்கொண்டது. எதிர்பாராமல் கைபேசி அணைந்துவிடாமல் இருக்கவே அப்படிச் செய்ததாக விளக்கமும் தந்தது. காரணம் உண்மையாகவே இருக்கட்டும். புது பேட்டரி போட்டால் பழைய வேகம் திரும்பிவிடும் என்ற ஒரு வரியை முன்கூட்டியே சொல்லியிருந்தால், எத்தனையோ பேர் புதுக் கைபேசி வாங்காமல் இருந்திருப்பார்கள். பிறகு பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள்.

இந்தியாவில் பழுதுநீக்கும் உரிமைக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை இதற்காக ஒரு குழுவை அமைத்தது. அந்த ஆண்டு தேசிய நுகர்வோர் நாளான டிசம்பர் 24 அன்று அதற்கான இணையவாசலும் திறக்கப்பட்டது. தயாரிப்பாளர்கள் தாமாக முன்வந்து தகவல் தருவதையே அது நம்பியிருப்பதால், எனக்கு அதில் நிறைவு இல்லை. ஆனால் இதே வழக்கை வேறொரு துறையில் நம் நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. கார்களின் உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் தராமல், சொந்தப் பணிமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கி வைத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றது என்றாலும், தெருமுனை மெக்கானிக்குக்கும் பாகம் கிடைக்க வேண்டும் என்ற கொள்கை அன்று எழுத்தில் பதிவானது. கைபேசிக்கும் அதையே நீட்டிக்க வேண்டும்.

உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். சர்வீஸ் சென்டரில் வாய்வழி மறுப்பை ஏற்காதீர்கள். சார்ஜ் ஏறாததற்குத் திரையை மாற்றியதுதான் காரணம் என்றால், அது எப்படி என்பதை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தொடர்பைக் காட்ட முடியாவிட்டால், சேவைக் குறைபாடு என்று வாதிட உங்களுக்கு இடம் இருக்கிறது. அந்தத் தாளோடு எங்கே போக வேண்டும் என்பதைத் திருநெல்வேலி வாசகருக்கு எழுதிய பதிலில் பாருங்கள்.

கேள்வி: கடையில் பில் போட 2017இல் வாங்கிய கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. விண்டோஸ் 10 காலாவதியாகிவிட்டது, புதியது வாங்குங்கள் என்று விற்பனையாளர் சொல்கிறார். வாங்கித்தான் ஆக வேண்டுமா? – ஜவுளி வணிகர், ஈரோடு

பதில்: வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது என்பது உண்மை. அதன் பொருள், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை இனி அடைத்துத் தர மாட்டார்கள் என்பதே. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்தால் யோசிக்க அவகாசம் கிடைக்கும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலியும் வேண்டும் என்ற நிபந்தனையால்தான் உங்கள் கணினி தகுதி இழக்கிறது. அது தேய்ந்துபோகவில்லை, உடையவில்லை. ஒரு நிறுவனத்தின் நிபந்தனைப் பட்டியலால் நல்ல நிலையில் இருக்கும் கோடிக்கணக்கான கணினிகள் குப்பைக்குப் போகும் நிலை வந்திருப்பதை ஏற்க என் மனம் மறுக்கிறது.

விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகை இயங்குதளங்களான லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பாருங்கள். பிரிண்டர் அச்சடிக்கிறதா, இணையம் வருகிறதா, ஜிஎஸ்டி தளம் திறக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சோதியுங்கள். உங்கள் கணக்கு மென்பொருளோ டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ விண்டோஸில் மட்டுமே ஓடும் என்றால் அவசரப்பட வேண்டாம். கடை நின்றுவிடக் கூடாது. அப்படி எந்தத் தடையும் இல்லையென்றால், பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு லினக்ஸை நிறுவினால் அந்தக் கணினி இன்னும் பல வருடம் உழைக்கும். கேரளத்தில் அரசுப் பள்ளிகள் முழுவதும் நீண்ட காலமாக இத்தகைய மென்பொருளிலேயே இயங்கி வருகின்றன. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதில்தான் கணினி கற்றார்கள்.

கேள்வி: ‘கட்டற்ற மென்பொருள்’ என்பது இலவச மென்பொருளுக்கு வைத்த அலங்காரப் பெயர்தானே? – கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இல்லை, தம்பி. ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலை பெற்றதற்கும் ஒரே சொல் இருப்பதால் அங்கே குழப்பம் உண்டு. நம்மிடம் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு என்று அழகாகப் பிரிந்திருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் தந்த லேசர் அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. தாள் சிக்கினால் பயனருக்குச் செய்தி போகும்படி மென்பொருளைத் திருத்த அங்கே பணியாற்றிய நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். அதன் மூலநிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய நிரல் வரிகள், ஆய்வகத்திடம் இல்லை. அதை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் கேட்டபோது, வெளியில் தரமாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். அந்தக் கசப்பை ஸ்டால்மன் மறக்கவில்லை. 1983இல், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

எந்த நோக்கத்துக்கும் ஓட்டலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படித்துத் திருத்தலாம், மற்றவருக்குப் பிரதி தரலாம், திருத்திய பிரதியையும் தரலாம் – இந்த நான்கும் இருந்தால்தான் அது கட்டற்ற மென்பொருள். அதைக் காசுக்கு விற்கவும் தடை இல்லை. கைபேசிக் கடையில் ‘இலவசம்’ என்று கிடைக்கும் செயலிகளில் பெரும்பாலானவற்றில் இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது. நீங்கள் மாணவர் என்பதால் ஒன்று சொல்கிறேன்: முடிந்தால் ஒரு சிறிய கட்டற்ற செயலியின் இடைமுகத்தைத் தமிழாக்கம் செய்து அனுப்புங்கள். உங்கள் சொல் அடுத்த பதிப்பில் எல்லோர் திரையிலும் வரும்போது, நான் மேலே எழுதியது புரியும்.

கேள்வி: என் தந்தையார் எழுதிய ஊர் வரலாறு 1990களின் இறுதியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி, பேஜ்மேக்கர் கோப்பாக இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். இப்போது திறக்க முயன்றால் ஒன்றில் திறக்கவே இல்லை, மற்றொன்றில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிகிறது. மீட்க வழி உண்டா? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு, நம்பிக்கை இழக்க வேண்டாம். இந்தக் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது அவருடைய பிள்ளைக்கே படிக்கக் கிடைக்காமல் போவதை விட இந்தப் பக்கத்தில் பேச வேண்டிய பெரிய விஷயம் எதுவும் இல்லை.

உங்கள் கோப்பு இரண்டு பூட்டுகளுக்குள் இருக்கிறது. முதல் பூட்டு, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர். 2001இல் வெளியான 7.0 பதிப்போடு அந்த மென்பொருளின் வளர்ச்சி நின்றுவிட்டது. அதன் கோப்பு வடிவமோ அதை வெளியிட்ட அடோபி நிறுவனத்துக்குச் சொந்தமானது. பழைய அச்சகங்கள் சிலவற்றில் இன்னும் பேஜ்மேக்கர் ஓடும் கணினி இருக்கும். அங்கே கோப்பைத் திறந்து, எழுத்தை மட்டும் வெறும் உரைக் கோப்பாக வெளியே எடுங்கள். ஒரு பிடிஎஃப் நகலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பூட்டு பாமினி. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் போட்டு வைத்த எழுத்துரு. கணினியைப் பொறுத்தவரை உங்கள் தந்தையார் எழுதியது ஆங்கில எழுத்துகள்தாம்; பாமினி என்ற கண்ணாடியை அணிந்தால் மட்டும் அவை தமிழாகத் தெரியும். இதைப் போலவே தமிழ்நாட்டிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வேறு குறியீடுகள் புழங்கின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வகுக்கப்பட்டன. இணையத்தில் தமிழர்கள் சேர்ந்து உருவாக்கிய டிஸ்கி குறியீடு ஒரு பக்கம் வளர்ந்தது. பிறகுதான் யூனிக்கோடு எல்லாக் கருவிகளிலும் வேரூன்றியது. எந்த ஒரு நிறுவனத்தின் கண்ணாடியும் இல்லாமல் ‘க’ என்றால் எங்கும் ‘க’ என்று நிற்கும்படி செய்தது அந்தப் பொதுத் தரம்தான்.

பாமினியை யூனிக்கோடாக மாற்றும் இலவசக் கருவிகள் பல உள்ளன. ஆனால் மாற்றியதும் வேலை முடிந்துவிடாது. பாமினியில் கொம்பை முதலில் தட்டி, பிறகு மெய்யைத் தட்டுவார்கள். யூனிக்கோடில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் இரண்டு பக்கமும் குறி வருவதால் மாற்றும் கருவி அங்கேதான் தடுமாறும். இடையில் வந்த ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறி அர்த்தமில்லாமல் நிற்கும். எனவே பிடிஎஃப் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். முடிந்தபின், ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் எண்ணிமமாக்கிக் காத்து வரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். உங்கள் தந்தையாரின் ஊர் வரலாறு அங்கே இருப்பதைப் பார்க்க நானும் ஆவலாக இருக்கிறேன்.

கேள்வி: துணிக்கடையில் பில் போடும்போது கைபேசி எண் சொல்லாவிட்டால் பில் வராது என்கிறார்கள். சொல்லத்தான் வேண்டுமா? – இல்லத்தரசி, கோவை

பதில்: சொல்ல வேண்டியதில்லை. பில் தருவதற்கு வாடிக்கையாளரின் கைபேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அப்படிச் செய்வது முறையற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முகம் சுளிப்பார்களே என்ற கூச்சத்தில்தான் நாம் எண்ணைச் சொல்லிவிடுகிறோம். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. ‘எண் தர விருப்பமில்லை, பில் மட்டும் போடுங்கள்’ என்று அமைதியாகச் சொன்னால் போதும். கணினியில் அந்தக் கட்டம் நிரம்பினால்தான் நகரும் என்றால் கடையின் எண்ணையே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் கோபப்பட வேண்டாம், எண் வாங்கச் சொன்னது அவர் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அரசுக்கு எதிராகப் பிறந்த தீர்ப்பு என்றாலும், நம் தகவல் நம்முடையது என்ற எண்ணம் கடை வாசல் வரை வர வேண்டும்.

கேள்வி: ஒரு மாதம் இலவசம் என்று சேர்ந்த ஒரு செயலி, நான் கேட்காமலே ஓராண்டுச் சந்தாவை எடுத்துக்கொண்டது. நிறுத்தும் பொத்தான் எங்கே என்றே தெரியவில்லை. – வாசகர், திருநெல்வேலி

பதில்: சேர்வதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஏழு திரை என்று வேண்டுமென்றே வடிவமைப்பதற்குச் சட்டத்தில் இப்போது பெயர் இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன. சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. ‘இன்னும் இரண்டே அறைகள்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத நன்கொடையைக் கூடையில் நுழைப்பதும் அதே பட்டியலில் வருகின்றன.

முதலில் பணம் போகும் வழியை அடைத்துவிடுங்கள். வங்கிச் செயலியில் தானியங்கிக் கட்டண அனுமதிகள் என்ற பகுதியில் அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்யலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி இத்தகைய தொகையை எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்குத் தகவல் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் வங்கியிடமே புகார் செய்யலாம். அடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். கணிசமான புகார்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன என்பது என் அனுபவம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், இணையவழியிலும் செய்யலாம். சேலம் வாசகருக்கும் இதுவே வழி.

ஐந்நூறு ரூபாய்க்காக இவ்வளவு அலைவதா என்று தோன்றும். ஐந்நூறு ரூபாய்க்கு யாரும் அலைய மாட்டார்கள் என்ற கணக்கின் மீதுதான் அந்தத் திரைகள் கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே தயவுசெய்து அலையுங்கள்.

கேள்வி: பதற்றம் வந்தால் அரசு இணையத்தை நிறுத்திவிடுகிறது. இதைக் கேள்வி கேட்க முடியுமா? – மீன் ஏற்றுமதி முகவர், தூத்துக்குடி

பதில்: 2018 மே மாதத்துத் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டதை நேரில் அனுபவித்தவர் நீங்கள். காயம்பட்டவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்று குடும்பங்கள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வழி மூடப்பட்டது. அதை நான் தவறென்றே கருதுகிறேன். கேள்வி கேட்க முடியும். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய முடக்கம் குறித்த அனுராதா பாசின் வழக்கில், 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உட்பட்டவை, காலவரையற்ற முடக்கம் கூடாது, முடக்க ஆணைகளை வெளியிட வேண்டும் என்றது. ஆணை வெளியில் இருந்தால்தான் அதை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும். எனவே அடுத்த முறை நிறுத்தப்பட்டால் முதலில் கேட்க வேண்டியது, ‘ஆணையின் நகல் எங்கே?’ என்பதுதான். உங்களைப் போன்ற வணிகர் சங்கங்கள் அதை எழுத்தில் கேட்டால் மாவட்ட நிர்வாகம் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன பயன்படுத்துகிறீர்கள்? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: நியாயமான கேள்வி. பன்னிரண்டு வருடப் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஓடுகிறது. இரண்டு முறை பேட்டரியும் ஒரு முறை விசைப்பலகையும் நானே மாற்றினேன், அடியில் உள்ள எட்டுத் திருகுகளைக் கழற்றினால் போதும். இந்தக் கட்டுரையை லிப்ரே ஆஃபிஸில் எழுதி, எந்த மென்பொருளிலும் திறக்கும் வடிவத்தில் அனுப்புகிறேன். அச்சுப்பொறி விஷயத்தில் சூடுபட்டேன். தெருமுனைக் கடையில் மை நிரப்பி மூன்று வருடம் நன்றாக ஓடிய பொறி, ஒரு நாள் இரவு தானாக மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் காலையில் அதே மைப்புட்டியை ‘ஏற்க இயலாது’ என்றது. என் மகளின் பள்ளித் திட்ட ஏடு பாதி அச்சாகி நின்றது. நிறுவனத்துக்கு எழுதியதற்கு, தரத்தைக் காக்கவே அப்படிச் செய்வதாகப் பதில் வந்தது. இப்போது, தொட்டியில் மையை நேரே ஊற்றும் வகைப் பொறியை வாங்கி, அதை இணையத்தோடு இணைக்காமல் கம்பி வழியாகவே பயன்படுத்துகிறேன்.

கைபேசியில்தான் நான் நினைத்தபடி நடக்க முடியவில்லை. பழைய கைபேசி ஒன்றில் கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றி ஆறு மாதம் வைத்திருந்தேன். பேச, எழுத, வரைபடம் பார்க்க எல்லாமே ஒழுங்காக நடந்தன. என் வங்கியின் செயலி மட்டும், தயாரிப்பாளரின் இயங்குதளம் இல்லாத கருவியில் திறக்க மறுத்துவிட்டது. பால்காரருக்கும் காய்காரருக்கும் யுபிஐயில் பணம் அனுப்பும் காலத்தில் அதைத் தவிர்க்க முடியாமல், அந்த ஒரு செயலிக்காகவே இன்னொரு கைபேசி வைத்திருக்கிறேன். என் கருவியில் எதை ஓட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது, எந்த விதியின்படி இப்படி மறுக்கிறீர்கள் என்று கேட்டு வங்கிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இந்தப் பக்கத்திலேயே முழுமையாக வெளியிடுகிறேன்.